கக்குவான் தடுப்பூசிக்கு எலிகள் இனித் தேவையா?

கக்குவான் இருமலுக்கான தடுப்பூசிகளில் ஒரு வகை அந்த நோயின் நஞ்சிலிருந்தே செய்யப்படுகிறது. நோயை உண்டாக்கும் பாக்டீரியா சுரக்கும் நச்சுப்புரதத்தைப் பிரித்தெடுத்து, அதன் கொடுமையை வேதிப்பொருளால் அடக்கி, உருவத்தைக் குலையாமல் வைத்துக் குழந்தையின் உடலுக்கு அறிமுகம் செய்கிறார்கள். பல் பிடுங்கிய பாம்பைக் காட்டிப் பாம்பை அடையாளம் கண்டுகொள்ளப் பழக்குவது போன்ற வேலை இது. அப்படியானால் ஒவ்வொரு புதிய பேட்ச் தயாராகும்போதும் ஒரு கேள்வி எழுவது இயல்பு: நஞ்சு முழுவதும் போய்விட்டதா, எங்காவது துளி மிச்சம் இருக்கிறதா? இந்தக் கேள்வியை உலகம் பல பத்தாண்டுகளாகச் சுண்டெலிகளிடம் கேட்டு வந்தது. எலி பிழைத்தால் மருந்து தேறியது. எலி செத்தால் மருந்து தேறவில்லை. இன்று அதே கேள்விக்கு ஆய்வகத் தட்டில் வளரும் செல்கள் விடை சொல்கின்றன. ஐரோப்பா அந்த விடையைத் தன் மருந்துத் தர விதிகளிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. பலர் இதை விலங்குகள்மீது காட்டும் கருணையாக மட்டுமே பார்க்கிறார்கள். கருணை இதில் உண்டு, அது சிறிய விஷயமும் அல்ல. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு காரணம் இருக்கிறது. எலிச் சோதனையைக் கைவிடுவது குழந்தைகளின் பாதுகாப்புக்கே நல்லது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

முதலில் அந்த நஞ்சைப் புரிந்துகொள்ள வேண்டும். கக்குவான் இருமலின் பாக்டீரியாவை 1906இல் பிரசல்ஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஜூல் போர்டேயும் ஆக்டாவ் ஜாங்கூவும் பிரித்தெடுத்தார்கள். மூச்சுக்குழாயில் குடியேறும் இந்தக் கிருமி, வாரக்கணக்கில் விடாத இருமலை உண்டாக்கும். குழந்தை மூச்சு விட இடைவெளியில்லாமல் இருமி, கடைசியில் கூவும் ஒலியோடு காற்றை உள்ளிழுக்கும். சில மாதமே ஆன சிசுவுக்கு இருமல்கூட வராமல் மூச்சே நின்றுபோகலாம். இந்தக் கிருமியின் முக்கிய ஆயுதமான நச்சுப்புரதத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஐந்து துண்டுகள் சேர்ந்த அடிப்பகுதி, நம் செல்லின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கிறது. மேலே இருக்கும் ஒற்றைத் துண்டு செல்லுக்குள் புகுந்து நொதியாக வேலை செய்கிறது. செல்லுக்குள் சில செயல்களை அடக்கி வைக்கும் ஒருவகை ஜி புரதத்தின்மீது அது ஒரு வேதிக்குழுவை ஒட்டிவிடுகிறது. அத்துடன் அந்தப் புரதம் செயலிழக்கிறது. அடக்குகிற கை இல்லாததால் செல்லின் ஒழுங்கு தடுமாறுகிறது. இரத்தத்தில் வெள்ளணுக்கள் பெருகித் தேங்குகின்றன. இன்சுலின் சுரப்பு மாறுகிறது. சோதனை எலிகளிடம் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தாங்கும் வலிமை அடியோடு குறைந்துவிடுகிறது. இந்தக் கடைசி விளைவின் மேல்தான் எலிச் சோதனை முழுவதும் நிற்கிறது. பற்றுதல், புகுதல், நொதியாக வேலை செய்தல் என்ற மூன்று படிகளையும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மாற்றுச் சோதனைகளை எடைபோட இவையே அளவுகோல்.

தடுப்பூசியின் கதையும் இந்த வாதத்துக்குத் தேவை. தடுப்பூசிக்கு முந்தைய காலத்தில் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 2 லட்சம் பேர் வரை இந்நோய்க்கு ஆளானார்கள். சுமார் 9,000 குழந்தைகள் இறந்தார்கள். 1930களில் மிச்சிகனின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரு பெண் விஞ்ஞானிகள், கொல்லப்பட்ட முழு பாக்டீரியாவைக் கொண்டு நம்பகமான தடுப்பூசியை உருவாக்கினார்கள். தொண்டை அடைப்பான், இரண ஜன்னி மருந்துகளோடு சேர்ந்து அது முத்தடுப்பு ஊசியாக உலகெங்கும் பரவியது. முழுச்செல் ஊசி நன்றாகக் காத்தது. ஆனால் காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் வீக்கம், விடாத அழுகை போன்ற தொந்தரவுகளும் அதனால் அதிகம். 1970களில் இந்த ஊசி மூளையைப் பாதிக்கிறது என்ற அச்சம் பிரிட்டனில் பரவியது. பிந்தைய ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு வலுச் சேர்க்கவில்லை. ஆனாலும் ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைகளின் விகிதம் ஐந்தில் நான்கு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. 1977-79இலும் 1981-83இலும் பெரிய நோய்ப்பரவல்கள் வந்தன. ஜப்பானில் இரண்டு குழந்தைகளின் மரணத்தைத் தொடர்ந்து 1975இல் ஊசி நிறுத்திவைக்கப்பட்டது. 1979இல் அங்கே 13,000க்கும் மேற்பட்டோர் நோயுற்று 41 பேர் இறந்தார்கள். இதன் பிறகுதான் யூஜி சாத்தோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் உருவாக்கிய செல்லற்ற தடுப்பூசி 1981இல் ஜப்பானில் நடைமுறைக்கு வந்தது. முழு பாக்டீரியாவுக்குப் பதிலாக, நஞ்சடக்கிய நச்சுப்புரதமும் வேறு சில தூய புரதங்களும் மட்டும் கொண்ட ஊசி அது.

இந்த வரலாற்றில் இரண்டு பாடங்கள் உண்டு. தடுப்பூசியில் குறை இருக்கிறது என்ற சந்தேகமே குழந்தைகளின் உயிரைப் பறிக்கும். ஆகவே பாதுகாப்புச் சோதனையைத் தளர்த்த யாருக்கும் உரிமை இல்லை. இது முதல் பாடம். செல்லற்ற ஊசியில் நச்சுப்புரதமே முதன்மைப் பொருள் என்பதால், அது ஃபார்மால்டிஹைடு, குளூட்டரால்டிஹைடு போன்றவற்றால் சரியாக அடக்கப்பட்டதா என்று ஒவ்வொரு பேட்சிலும் பார்த்தே தீர வேண்டும். இது இரண்டாவது. எனவே எலிச் சோதனையை எதிர்ப்பவர்கள் சோதனையே வேண்டாம் என்கிறார்கள் என்று யாரும் நினைக்கக் கூடாது. சோதனை வேண்டும், கடுமையாகவே வேண்டும். எந்தச் சோதனை உண்மையைச் சொல்கிறது என்பதில்தான் விவாதம்.

எலிச் சோதனை நடக்கும் விதம் எளிது. கக்குவான் பாக்டீரியா ஏறிய எலிகள் ஹிஸ்டமினைத் தாங்காமல் சாகின்றன என்பது 1940களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. சாதாரணச் சுண்டெலி, உடல் எடையோடு ஒப்பிட்டால் வியக்கத்தக்க அளவு ஹிஸ்டமினைத் தாங்கும். அதன் வயிற்றறைக்குள் தடுப்பூசியைச் செலுத்திச் சில நாட்கள் காத்திருப்பார்கள். பிறகு ஹிஸ்டமின் ஊசி போடுவார்கள். தடுப்பூசியில் உயிருள்ள நஞ்சு மிச்சம் இருந்தால் எலியின் இரத்த அழுத்தம் சரிந்து, அதிர்ச்சி நிலைக்குப் போய், ஒரு நாளுக்குள் இறந்துவிடும். சில நாடுகளில், குறிப்பாக ஜப்பானில், சாவு வரை காத்திருக்காமல் உடல் வெப்பம் எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்கள். அடக்கிய நஞ்சு நாட்பட மீண்டும் உயிர்பெறுமா என்று பார்க்க, மருந்தை 37 டிகிரி வெப்பத்தில் வாரக்கணக்கில் வைத்திருந்து அதே சோதனையைத் திரும்பச் செய்யும் விதியும் இருந்தது. எலி இங்கே நோயாளியும் அல்ல, சிகிச்சை பெறுவதும் அல்ல. அதன் அதிர்ச்சியும் மரணமுமே சோதனையின் முடிவாகப் பதிவேட்டில் ஏறுகின்றன. ஒவ்வொரு பேட்சுக்கும், அது விற்பனையாகும் சந்தையின் விதிக்கேற்பத் தனித்தனியாகவும், தோல்வி வந்தால் மறுபடியும் என்று எலிகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும்.

இந்த வேதனை தரும் தகவலாவது திடமாக இருந்தால், குழந்தைகளைக் காக்க வேறு வழியில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அப்படித் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. ஹிஸ்டமினுக்கு எலி எப்படி எதிர்வினை தரும் என்பது அதன் இனவகை, பால், வயது, எடை, வளர்ப்புக் கூடத்தின் சூழல் ஆகியவற்றைப் பொறுத்து மாறுகிறது. ஒரே மருந்து ஓர் ஆய்வகத்தில் தேறி இன்னோர் ஆய்வகத்தில் தோற்கலாம். ஒரே ஆய்வகத்திலேயே இரண்டு வாரங்களில் இரண்டு விதமாகவும் முடியலாம். ஐரோப்பிய விதி ஒன்று, ஜப்பானிய விதி இன்னொன்று என நாடுகள் வெவ்வேறு முறைகளைப் பின்பற்றியதால் எண்களை ஒப்பிடவும் வழியில்லை. எலியின் மரணம் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு நஞ்சு மிச்சம் என்று சொல்லாது. எல்லைக்கு அருகில் வரும் மருந்தைப் பற்றித்தான் நமக்குத் துல்லியமான தகவல் தேவை. அந்த இடத்தில்தான் இந்தச் சோதனை மிகவும் தடுமாறுகிறது. இன்னொரு அடிப்படைக் குறையும் உண்டு. ஹிஸ்டமின் அதிர்ச்சி எலியின் உடலில் தெரியும் விளைவு. தடுப்பூசி பெற்ற குழந்தைகளிடம் காணப்படும் எந்தப் பக்கவிளைவோடும் அதற்குத் தெளிவான தொடர்பு நிறுவப்படவில்லை. எலி முழு உடல் என்பதற்காக அது குழந்தையின் உடலைப் பிரதிபலிக்கிறது என்று எடுத்துக்கொண்டால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம்.

மாற்று எங்கிருந்து வந்தது? 1957இல் தியோடர் பக் என்ற அமெரிக்க விஞ்ஞானி சீன ஹாம்ஸ்டர் என்னும் சிறு விலங்கின் சினைப்பையிலிருந்து செல்களை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தார். அந்தச் செல் வரிசை இன்றுவரை பெருகிக்கொண்டிருக்கிறது. இப்போது உலகில் விற்கும் பல உயிரியல் மருந்துகள் அதிலிருந்தே தயாராகின்றன. 1983இல் எரிக் ஹ்யூலெட்டும் அவருடைய குழுவினரும் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். தட்டின் அடியில் விரிந்து பரவி வளரும் இந்தச் செல்கள், கக்குவான் நஞ்சு பட்டதும் பரவுவதை விட்டுவிட்டு நெருக்கமான கொத்துகளாகத் திரண்டுவிடுகின்றன. நஞ்சு செயலிழந்திருந்தால் கொத்து விழுவதில்லை. மில்லிலிட்டருக்கு நானோகிராம், அதாவது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு, அதற்கும் குறைவான அளவுகளில்கூட இந்த மாற்றம் நுண்ணோக்கியில் தெரிகிறது. ஓரிரு நாட்களில் முடிவு கிடைத்துவிடும். இந்தக் கொத்து விழ வேண்டுமானால் நஞ்சு செல்லின் மேற்பரப்பைப் பற்ற வேண்டும், உள்ளே புக வேண்டும், ஜி புரதத்தை மாற்ற வேண்டும். முன்னே சொன்ன மூன்று படிகளில் எது நடக்காவிட்டாலும் கொத்து இல்லை. ஆகவே இந்தச் சோதனை நஞ்சின் வேலையை முழுமையாகவே பார்க்கிறது.

அப்படியென்றால் 1983லேயே எலிகளை ஏன் விட்டுவிடவில்லை? ஏனெனில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. தடுப்பூசியின் வீரியத்தைக் கூட்ட அலுமினிய உப்பு சேர்க்கப்படுகிறது. அது செல்களையே கொன்றுவிடும். செத்த செல் கொத்து விழுமா என்று பார்க்க முடியாது. நஞ்சடக்கிய தூய புரதத்தைத் தனியாகச் சோதிக்க முடிந்ததே தவிர, குப்பியில் அடைத்த இறுதி மருந்தைச் சோதிப்பது கடினமாக இருந்தது. இதற்கு இரண்டு வழிகள் கண்டார்கள். மருந்தை நீர்த்துப்போகச் செய்து நேரடியாகச் செல்களோடு சேர்ப்பது ஒன்று. நுண்துளைச் சவ்வு பொருத்திய சிறு கிண்ணத்தில் மருந்தை வைத்து, உப்பு செல்களைத் தொடாமல் நஞ்சு மட்டும் கீழே இறங்கும்படி செய்வது இன்னொன்று. கூடவே வேதியியல் சோதனைகளும் வளர்ந்தன. பிரிட்டனின் உயிரியல் தரநிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள், நஞ்சின் நொதி வேலையை ஒளிரும் செயற்கைப் புரதத்துண்டு ஒன்றின்மீது அளந்தார்கள். அதன் பற்றும் திறனை ஃபெட்யூயின் என்ற சர்க்கரைப்புரதத்தின்மீது அளந்தார்கள். இரண்டையும் சேர்த்தால் நஞ்சின் அளவை எண்ணாகவே பெறலாம். ஆனால் நஞ்சு செல்லுக்குள் புகும் நடுப்படி இதில் இல்லை. ஃபார்மால்டிஹைடும் குளூட்டரால்டிஹைடும் புரதத்தை வெவ்வேறு விதமாகக் குலைப்பதால், ஒரு நிறுவனத்தின் மருந்துக்குப் பொருந்தும் கணக்கு இன்னொன்றுக்குப் பொருந்தாமலும் போகிறது. மூன்று படிகளையும் ஒன்றாகப் பார்க்கும் செல் சோதனை முன்னுக்கு வந்தது இதனால்தான்.

விதி மாறுவதற்கு அறிவியல் சான்று மட்டும் போதாது. 2011இல் ஜெர்மனியின் லாங்கனில் உள்ள பால் எர்லிக் நிறுவனத்திலும், 2012இல் அமெரிக்காவின் பெதஸ்டாவிலும் கட்டுப்பாட்டு அமைப்புகள், உற்பத்தியாளர்கள், ஆய்வாளர்கள் ஒரே மேசையில் அமர்ந்து எலிச் சோதனைக்கு மாற்று என்ன என்று விவாதித்தார்கள். அளவு தெரிந்த நஞ்சைத் தடுப்பூசியில் கலந்து பல நாடுகளின் ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். செல்கள் அதைக் கண்டுபிடிக்கின்றனவா, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கண்டுபிடிக்கின்றனவா என்று பார்த்தார்கள். ஐரோப்பிய மருந்துத் தர இயக்ககம் நடத்திய கூட்டாய்வுக்குப் பிறகு, ‘ஐரோப்பிய பார்மகோபியா’ எனும் மருந்துத் தர நூல் எலிச் சோதனையை நீக்கி அதன் இடத்தில் செல் சோதனையை வைத்தது. 2020ஐ ஒட்டி அது நடைமுறைக்கு வந்தது. கண்டுபிடிப்புக்கும் விதிக்கும் இடையே ஏறத்தாழ 37 ஆண்டுகள் கடந்துபோயின.

இதற்கு எதிரான வாதங்களைப் புறக்கணிக்க முடியாது. அவற்றை எழுப்புபவர்களில் பொறுப்புள்ள விஞ்ஞானிகளும் உண்டு. ‘தட்டில் இருக்கும் செல் ஓர் உடல் அல்ல’ என்பது முதல் வாதம். உடலில் ஈரல் உண்டு, இரத்தம் உண்டு, நோய் எதிர்ப்பு மண்டலம் உண்டு; நாம் எதிர்பாராத தீமை ஒன்று அங்கே தலைகாட்டலாம். வாதம் பொதுவாக உண்மைதான். முற்றிலும் புதிய மருந்தொன்று முதன்முறையாக மனிதரிடம் செல்லும்முன் இதற்கு எடை உண்டு. ஆனால் இங்கே நடப்பது பேட்ச் சோதனை. பல ஆண்டுகள் மனிதர்களிடம் பயன்பட்டு, குணம் நன்றாகத் தெரிந்த ஒரு மருந்தின் புதிய தயாரிப்பில் குறிப்பிட்ட ஒரே நஞ்சு மிச்சம் இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. அந்தக் கேள்விக்கு எலியின் ஈரலும் இரத்தமும் புதிதாக எதுவும் சொல்வதில்லை. அவை முடிவைக் கலங்கச் செய்வதே அதிகம். எதிர்பாராத தீமையைப் பிடிக்கும் வலையாகவும் ஹிஸ்டமின் சோதனை ஒருபோதும் வடிவமைக்கப்படவில்லை. அந்த வேலையை உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் செய்யப்படும் தரக்கட்டுப்பாடும், ஊசி போட்ட பிறகு நடக்கும் பக்கவிளைவுக் கண்காணிப்பும் செய்கின்றன.

இரண்டாவது வாதம் இன்னும் நுட்பமானது. பழைய சோதனையில் தேறிய மருந்துகள் பல கோடிக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கின்றன. ஆகவே புதிய சோதனை பழையதோடு பேட்சுக்குப் பேட்ச் ஒத்துப்போகிறது என்று நிரூபித்தால்தான் மாற்றலாம் என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கும் இந்த நிபந்தனை, நடைமுறையில் மாற்றத்தையே முடக்கிவிடும். தனக்குத்தானே ஒத்துப்போகாத ஒரு சோதனையோடு இன்னொன்று எப்படி ஒத்துப்போகும்? அப்படி ஒத்துப்போகவில்லை என்றால் குறை எதில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ஆய்வாளர்கள் எலியை அளவுகோலாக வைக்காமல், சர்வதேச அலகில் அளவிட்ட தரநஞ்சை அளவுகோலாக வைத்தார்கள். அளவு தெரிந்த நஞ்சைக் கலந்து கொடுக்கும்போது, எந்தச் சோதனை உண்மைக்கு அருகில் வருகிறது என்று நேராகப் பார்க்கலாம். செல் சோதனை எலி கண்டுபிடிக்கும் அளவுக்குக் கீழேயும் நஞ்சைக் கண்டது. எனவே புதிய வாசலில் காவல் தளரவில்லை, கூடியிருக்கிறது. பழைய மருந்துகள் பாதுகாப்பாக இருந்ததற்கு உற்பத்தி முறை சீராக இருந்ததும் நஞ்சடக்கும் வேதியியல் திடமாக இருந்ததும் முக்கியக் காரணங்கள். அந்தப் பெருமை முழுவதையும் எலிச் சோதனைக்கு எழுதிவைப்பது சரியல்ல.

மூன்றாவது வாதம் பணத்தைப் பற்றியது. செல் வளர்ப்பு அறை, பயிற்சி பெற்ற கண்கள், கிருமியற்ற சூழல் எல்லாம் ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகுமா? நுண்ணோக்கியில் கொத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது ஆளுக்கு ஆள் மாறாதா? இரண்டும் நேர்மையான கேள்விகள். எலிக் கூடம் நடத்துவதும் மலிவான காரியம் இல்லை. குறிப்பிட்ட இனவகை எலிகளை ஆண்டு முழுவதும் வளர்க்க வேண்டும், பராமரிக்க வேண்டும், சோதனை தோற்றால் திரும்பச் செய்ய வேண்டும். அதுவரை மருந்து கிடங்கில் தேங்கிக் கிடக்கும். ஊசிக்காகக் காத்திருக்கும் குழந்தைக்கு அந்தத் தாமதமும் ஓர் ஆபத்துதான். கொத்தைக் கண்ணால் எடைபோடும் குறை உண்மையானது. அதைக் குறைக்கப் பொதுவான செய்முறையும், ஒவ்வொரு தட்டிலும் தரநஞ்சோடு ஒப்பிடும் கட்டாயமும் வகுக்கப்பட்டுள்ளன. செல்லுக்குள் உருவாகும் வேதிச்சைகையை எண்ணாக அளக்கும் முறைகளும் வளர்ந்துவருகின்றன. செல்களை வளர்க்கும் ஊட்டத்திரவத்தில் கன்றின் கருவிலிருந்து எடுத்த இரத்தநீர் சேர்க்கப்படுவதால், இதை முழுக்க விலங்கு சாராத சோதனை என்று சொல்ல முடியாது. அதையும் மாற்ற வேண்டும். ஆனால் அந்த மிச்சக் குறையைக் காட்டி, அதிர்ச்சியில் சாகும் எலிகளைத் தொடர்ந்து பலியிடுவதை நியாயப்படுத்த இயலாது.

நான்காவது வாதம்தான் மக்கள் மனத்துக்கு மிக நெருக்கமானது. தடுப்பூசிமீது சந்தேகம் பரவும் காலத்தில், ‘விலங்குகளிடம் சோதிப்பதை நிறுத்திவிட்டார்கள்’ என்ற செய்தி பெற்றோரைப் பயமுறுத்தாதா? பயமுறுத்தலாம், விளக்காமல் விட்டால். மாற்றம் ஏன் வந்தது, புதிய சோதனை எதைப் பார்க்கிறது, எவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறது என்று தெளிவாகச் சொன்னால் அந்தப் பயம் நம்பிக்கையாக மாற வழி உண்டு. பிரிட்டனும் ஜப்பானும் பட்ட அனுபவம் இதையே காட்டுகிறது. மக்கள் நம்பிக்கை இழந்தது சோதனை குறைவாக இருந்ததால் அல்ல. தங்கள் கேள்விக்குத் திடமான பதில் கிடைக்காததால். ‘பத்து எலிகளில் ஒன்றும் சாகவில்லை’ என்று சொல்வதைவிட, ‘இவ்வளவு அளவுக்கு மேல் நஞ்சு இருந்தால் செல்கள் காட்டிக்கொடுத்திருக்கும், காட்டவில்லை’ என்று சொல்வது வலுவான பதில்.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் குழந்தைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் செல்லற்ற ஊசி இல்லை, முழுச்செல் ஊசிதான். பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியிலும், ஒன்றரை வயதை ஒட்டியும் ஐந்து வயதுக்கு மேலும் போடும் முத்தடுப்பு ஊசியிலும் இருப்பது அதுவே. நாட்டில் பென்டாவேலன்ட் முதலில் வந்த மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும், ஆண்டு 2011. முழுச்செல் ஊசி தரும் பாதுகாப்பு செல்லற்றதைவிட நீண்டநாள் நிற்பதால் அதை வைத்திருக்க நல்ல காரணமும் உண்டு. அதற்கான சோதனைகள் வேறு. இளம் எலிகளுக்கு ஊசி போட்டு ஏழு நாட்களில் எடை ஒழுங்காகக் கூடுகிறதா என்று பார்ப்பது பாதுகாப்புச் சோதனை. வீரியச் சோதனையோ மிகக் கொடியது. ஊசி போட்ட எலிகளின் மூளைக்குள் இரண்டு வாரம் கழித்து உயிருள்ள கக்குவான் கிருமியைச் செலுத்தி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுவார்கள். கென்ட்ரிக் காலத்தில் உருவான இந்தச் சோதனைக்கு ஒவ்வொரு முறையும் நூறுக்கும் மேற்பட்ட எலிகள் தேவை. எலியின் மூளைக்குள் கிருமியை வைக்காமல், இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதத்தை அளக்கும் மாற்று முறையை நெதர்லாந்து ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். இதில் எலி இன்னும் தேவைதான். ஆனால் எண்ணிக்கை குறைகிறது, மூளை ஊசி ஒழிகிறது. உலகின் முழுச்செல் ஊசிகளில் பெரும்பங்கை இந்திய நிறுவனங்கள் தயாரிக்கின்றன. முத்தடுப்பு ஊசி தயாரிப்பில் நீண்ட வரலாறு கொண்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனம் தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. ஆகவே இந்த மாற்றத்தில் இந்தியா பின்தொடரும் நாடாக இருக்கத் தேவையில்லை, வழிகாட்டும் நாடாகவே இருக்கலாம்.

இந்தியாவால் முடியாது என்று சொல்வதற்கும் இடமில்லை. எல்லாத் தடுப்பூசிகளுக்கும் சம்பிரதாயமாகச் செய்துவந்த ‘இயல்பு மீறிய நச்சுத்தன்மை’ விலங்குச் சோதனையைக் கைவிடும் வழியை இந்திய பார்மகோபியா 2018லேயே திறந்துவிட்டது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் அந்தச் சோதனை தேவையற்றது என்று பரிந்துரைத்தது. புதிய மருந்து ஆய்வுக்கான இந்திய விதிகள் 2023இல் திருத்தப்பட்டு, செல், திசு அடிப்படையிலான முறைகளுக்கு இடம் கொடுத்தன. பேட்ச் சோதனைக்கு அந்தத் திருத்தம் நேரடியாகப் பொருந்தாது என்றாலும் திசை தெளிவு. தடை இப்போது அறிவியலில் குறைவு, விதிகளின் வேற்றுமையில் அதிகம். ஒரு நிறுவனம் பல நாடுகளுக்கு மருந்து விற்கிறது. எல்லா நாடுகளும் செல் சோதனையை ஏற்று, ஒரு நாடு மட்டும் எலி வேண்டும் என்றால், அந்த ஒரு நாட்டுக்காக எலிக் கூடம் தொடர்ந்து நடக்கும். ஐரோப்பிய விதி மாறியும் உலகில் எலிச் சோதனை முற்றாக ஒழியாததற்குக் காரணம் இதுவே.

1959இல் வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் விலங்குச் சோதனைக்கு மூன்று கடமைகளை வகுத்தார்கள்: முடிந்தால் மாற்று, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, அதுவும் முடியாவிட்டால் வேதனையைக் குறை. நல்ல அறிவியலும் மனிதாபிமானமும் ஒன்றோடொன்று மோதுவதில்லை என்பது அவர்களுடைய துணிபு. கக்குவான் தடுப்பூசியின் கதை அதை மெய்ப்பித்திருக்கிறது. உயிரைத் துன்புறுத்திய சோதனையே கலங்கலான விடையையும் தந்தது. உயிரைக் காக்கும் சோதனை தெளிவான விடையைத் தருகிறது. எனவே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் செய்ய வேண்டியவை மூன்று: செல்லற்ற ஊசிக்குச் செல் சோதனையைத் தாமதமின்றி ஏற்பது, ஒரு நாட்டில் முறையாகச் செய்த சோதனையை மற்ற நாடுகளும் ஒப்புக்கொள்வது, முழுச்செல் ஊசியின் மூளை ஊசிச் சோதனைக்கு விரைவில் விடைகொடுப்பது. பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சோதனை முறை மாறுவதைப் பார்த்து ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் ஊசி ஆறாவது வாரத்தில்; அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.